தற்காலிக ராஜினாமா

எல்லம்மாக்காவின் ராஜினாமாக் கடிதத்தை எழுதியவள் நான். என் பேனா, என் கையெழுத்து, என் ஆங்கிலம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அக்கா தோல் வெட்டும் மிஷினில் நின்றார். நான் அவருக்கு எதிரே ஒரு சின்ன மேஜையில். மணிக்கு எத்தனை பீஸ் வெட்டினார்கள் என்று பலகையிலும் ரிஜிஸ்டரிலும் எழுதுவது என் வேலை.

எதையும் நேராக நல்ல தாளில் எழுத எனக்குப் பயம். முதலில் டைரியில் ரஃப்பாக எழுதிப் பார்ப்பேன், அடித்துத் திருத்துவேன், பக்கத்தில் தேதியும் நேரமும் போடுவேன், அப்புறம்தான் தாளுக்குப் போவேன். இரண்டு வருடமாக மாலை வகுப்பில் இங்கிலீஷ் படிக்கிறேன். பயம் குறையவில்லை. இப்போது அழகான கையெழுத்தில் பயப்படுகிறேன், அவ்வளவுதான்.

அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல் தலை இறங்கும். இறங்கும் நேரத்தில் கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஜூலை 21, திங்கள்கிழமை டார்கெட்டை ஏற்றினார்கள். அன்று மதியமே வலது பட்டனை அழுத்தி வைத்து அதன் மேல் டேப் ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு இடது கை பட்டனை அழுத்தும், வலது கை உள்ளே போய் தோலை நகர்த்தும். மணிக்கு நாற்பது பீஸ் ஜாஸ்தி வந்தது. அந்த ஜாஸ்தியைப் பலகையில் எழுதியவளும் நான்தான்.

ஆகஸ்ட் 12, மதியம் மூன்று பத்துக்கு அக்காவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின.

இரண்டு நாள் கழித்து ஹெச்.ஆர். ராஜேஷ் சார் என் மேஜைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு பேப்பர் எழுத வேண்டும் என்றார். "நீ வந்தா அவங்களுக்கு ஒரு தைரியம் தமிழினி. உன் இங்கிலீஷும் நல்லாருக்கும்." கம்பெனி காரில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

அக்காவின் வலது கை கட்டுப் போட்டு ஒரு சின்னக் குடம் போல இருந்தது. ராஜேஷ் சார் கட்டிலருகே நின்றபடி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, டைரியில் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று வாக்கியம் போனது. பேனாவை நிறுத்தினேன்.

"சார், இது ரெசிக்னேஷன் இல்லையா?"

"டெம்ப்ரவரி ரெசிக்னேஷன்மா. மெடிக்கல் கேசுக்கு இப்படித்தான் எழுதணும். கை ஆறினதும் வந்து ஜாயின் பண்ணிக்கலாம்." பிறகு சிரித்தார். "இன்னும் கிளாஸ்ல அதெல்லாம் நடத்தல போல?"

அந்தச் சிரிப்பில் அடங்கிப்போனேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரியாதது ஆயிரம் இருக்கிறது, இது ஆயிரத்தொன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் டைரியை வாங்கி, சட்டைப் பையிலிருந்த பச்சைப் பேனாவை எடுத்து, வரிக்கு மேலே 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதை ஆங்கிலத்தில் நுணுக்கி எழுதிச் சேர்த்தார். அதையும் சேர்த்து நல்ல தாளில் எழுதி முடித்தேன்.

"தமிழு, இன்னா எழுதிக்குது இதுல?" என்று அக்கா கேட்டார்.

"லீவு மாதிரிதான்க்கா."

அக்கா இடது கையில் பேனாவைப் பிடித்தார். மெத்தையின் மேல் தாள் நழுவி நழுவிப் போனது. "பேப்பரைப் புடிச்சுக்கோ தமிழினி" என்றார் ராஜேஷ் சார். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அக்கா 'எ' போடுவதற்குள் அவர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டார். "எனக்கு மீட்டிங் இருக்கும்மா, கொஞ்சம் சீக்கிரம். கோடு மாதிரி இழுத்தாக்கூட போதும்."

அக்கா ஒரு கோடு இழுத்தார்.

செப்டம்பர் 8 அன்று கட்டு பிரித்து வேலைக்கு வந்தவரை வாச்மேன் உள்ளே விடவில்லை. காலையிலிருந்து கேட்டிலேயே உட்கார்ந்திருந்து, சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நான் கம்பெனி பஸ்ஸுக்கு வரும்போது எழுந்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வாச்மேன் அந்த லெட்டர் காப்பி ஒண்ணு வெச்சிக்கிறான். காட்டுனான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? டெய்லி பலகையில பாக்கறேன்ல."

"அக்கா, அவரு டெம்ப்ரவரின்னு..."

"லீவுன்னியே தமிழு."

பஸ் ஹாரன் அடித்தது. "சரி, போ. வண்டிய வுட்டுடப் போற" என்று என் தோளைத் தள்ளிவிட்டார், மீதி விரல்களால்.

மறுநாள் மாலை வகுப்பு. பஜார் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அறையில் உமைமா மிஸ் நடத்துகிறார். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். வகுப்பில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அன்றைக்கு போர்டில் ஓப்பன் சீக்ரெட், ஒரிஜினல் காப்பி, ஒன்லி சாய்ஸ், பிரெட்டி அக்லி என்று எழுதிப் போட்டிருந்தார். ஒரு வார்த்தை இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும், ஆனாலும் தினமும் சேர்த்துப் பேசுகிறார்கள் என்றார். ஊரறிந்த ரகசியம் என்று நாமும்தானே சொல்கிறோம்.

"பிரெட்டி அக்லி எங்க சூப்பர்வைசருக்கு வெச்ச பேரு மிஸ்" என்றாள் நிஷா. எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள்.

"அங்க பிரெட்டின்னா அழகு இல்ல நிஷா. 'ரொம்ப'ன்னு அர்த்தம். ரொம்ப அசிங்கம்."

"அப்போ இன்னும் கரெக்டு மிஸ்."

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து கையைத் தூக்கினேன். கேள்வியை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். "மிஸ், டெம்ப்ரவரி ரெசிக்னேஷன்னு ஒண்ணு இருக்கா?"

மறுபடி சிரித்தார்கள். உமைமா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு வேலைய விட்டுட்டுத் திரும்பி வர்றதுக்குப் பேரு லீவு. ராஜினாமான்னா முடிஞ்சு போச்சு. யார் சொன்னா உனக்கு?"

"எங்க ஹெச்.ஆர்."

மிஸ் வகுப்பின் பக்கம் திரும்பினார். "இந்த மாசம் முடியறதுக்குள்ள எல்லாரும் அவங்கவங்க வேலை செய்யற எடத்துலருந்து பத்து எழுதிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு, என்னிடம், "உனக்கு ஒண்ணு ஆச்சு. இன்னும் ஒன்பது" என்றார்.

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. அவருடைய பொய்யை என்னுடைய அறியாமை என்று எண்ணிக்கொண்டு என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரயில்வே கேட் மூடியிருந்து பஸ் நின்றபோது, அவரைக் குனிய வைக்க வேண்டும் என்று தோன்றியது. நியாயம் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை. குனிய வைக்க வேண்டும். அந்த வார்த்தைதான் வந்தது. அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்த நிறுத்தத்தில்தான் தோன்றியது.

வழி அவரே கொடுத்தார்.

செப்டம்பர் 15, காலை எட்டரை. எல்லாரையும் கேன்டீனில் உட்காரவைத்து ராஜேஷ் சார் சொன்னார்: "வர்ற இருபத்தி நாலாம் தேதி சர்ப்ரைஸ் ஆடிட்."

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து கம்பெனியைப் பார்ப்பதற்குப் பெயர் அது. அந்த ஆளுக்கு ஹோட்டல் ரூமும் காரும் ஏற்பாடு செய்வது எங்கள் ஆபீஸ். அதனால் தேதி எப்போதும் முன்பே தெரிந்துவிடும். இந்த வட்டாரத்தில் யாருக்கும் இது அதிசயம் இல்லை.

"சர்ப்ரைஸுக்குப் புதுத் துணி எடுக்கணுமா சார்?" என்றாள் நிஷா.

"யூனிஃபார்மைத் துவைச்சுப் போட்டுட்டு வா, போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டைரியைத் திறந்து தேதி, நேரம், சொன்னவர் பெயர், அவர் சொன்ன வார்த்தை எல்லாம் எழுதினேன். இரண்டாவது.

மூன்றாவதற்கு என்னைக் கேபினுக்கே கூப்பிட்டார். ஆடிட்டுக்கு வரும் மேடம் சிலரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். யாரைக் கூப்பிட்டால் நல்லது என்று பன்னிரண்டு பேரை முன்கூட்டியே பொறுக்கி வைத்திருந்தார். அவர்களை வழியோர மிஷின்களில் நிறுத்தப் போகிறார். அந்தப் பட்டியலுக்கு அவர் சொன்ன தலைப்பு 'ரேண்டம் செலக்‌ஷன்'.

"முதல்ல ரஃப்பா டைரியில போட்டுக்கறேன் சார்."

"போடு, போடு. உன்கிட்ட எனக்குப் புடிச்சதே அந்தப் பழக்கம்தான்."

ஏழாவது பெயரை அடித்துவிட்டு, அவரே பச்சைப் பேனாவால் என் பெயரை எழுதினார். "நீ நல்லா பேசுவ." நன்றி சார் என்றேன். என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு தேட வேண்டியிருக்கவில்லை, வந்துகொண்டே இருந்தது. 'ஆக்ட் நேச்சுரல்' என்று ஒத்திகையில் சொன்னார்: இயல்பாக இருப்பது போல நடியுங்கள். பதில்களை மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டு, மேடத்திடம் 'ஃப்ரீயா' பேசுங்கள் என்றார். அக்காவின் விபத்தை ரிஜிஸ்டரில் மைனர் என்று எழுதி, பக்கத்தில் 'பெர்மனென்ட்' பத்தியில் டிக் போட்டிருந்தார்கள்: சிறிய நிரந்தரக் காயம். அதைப் பார்த்து எழுதும்போது மட்டும் என் கையெழுத்து கோணியது. ஆடிட்டுக்கு முந்தின நாள் மாலை மிஷினிலிருந்து டேப்பை உரித்தார்கள். பசைக் கறை போகவில்லை, சொல்யூஷன் போட்டுத் தேய்த்தார்கள்.

அன்று மாலையே ஹோம்வொர்க்கை உமைமா மிஸ்ஸிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவில் ஒன்பதுக்கு டிக் போட்டு, டெம்ப்ரவரி ரெசிக்னேஷனுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதினார்: 'இது முரண் இல்லை. பொய். மார்க் கிடையாது.'

செப்டம்பர் 24. வந்த மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். முதுகில் ஒரு பையை மாட்டியிருந்தார். "எனிபடி மேடம், யாரை வேணா கூப்பிடுங்க" என்று ராஜேஷ் சார் வழியோரமாகவே நடத்திக் கூட்டிப் போனார். மேடம் ஏழு பேரைக் காட்டினார். ஏழு பேரும் அந்தப் பன்னிரண்டு பேருக்குள் இருந்தார்கள், நானும்.

கேன்டீனை ஒட்டிய சின்ன அறையில் அவரும் நானும் மட்டும். தமிழிலேயே பேசினார். வேலை நேரம், தண்ணீர், கழிப்பறை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "இந்த வருஷம் யாருக்காவது அடிபட்டிருக்கா?" என்றார்.

இல்லை மேடம், எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற மனப்பாடப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆர்டர் போய்விட்டால் எண்ணூறு பேர் வீட்டில் அடுப்பு எரியாது என்று சார் சொல்லியிருந்தார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். நிஷாவை நினைத்தேன். குடம் போன்ற அந்தக் கட்டை நினைத்தேன். எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று குறிக்கவில்லை. அன்றைக்கு நான் குறிக்காத ஒரே நேரம் அதுதான்.

"மேடம், நான் ஈவினிங் கிளாஸ் போறேன். என் ஹோம்வொர்க்கைக் கொஞ்சம் பாக்கறீங்களா?"

அவர் சிரித்தார். டைரியை வாங்கினார். இரண்டாவதைப் படித்ததும் சிரிப்பு நின்றது. தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மூன்றாவதோடு ஒப்பிட்டார். தான் காட்டிய ஏழு பேரின் பெயர்கள். கடைசியில் சிவப்பு எழுத்துக்கு வந்தார்.

"இது என்ன பொய்?"

ஆகஸ்ட் 14 பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பட்டன், டேப், ஆஸ்பத்திரி, கோடு எல்லாம் சொன்னேன். நான் எழுதினேன் என்பதையும், லீவு என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் பச்சை மையில் இருந்த வரியைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். அங்கே மாட்டியிருந்த பாதுகாப்பு அட்டவணையில் அதே பச்சையில், அதே நுணுக்கலில், ராஜேஷ் சார் கையெழுத்து.

"போட்டோ எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க. டைரியை மட்டும் தர மாட்டேன்."

"ரிப்போர்ட்ல உங்க பேரு வராது."

"பரவால்ல மேடம். கையெழுத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும்."

தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ராஜேஷ் சார் என் மேஜையருகே வந்து நின்றார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா தமிழினி?" என்று கேட்டார். சௌக்கியம் சார் என்றேன். அவர் நகர்ந்ததும் தேதியும் நேரமும் போட்டு அதையும் எழுதிக்கொண்டேன். எழுதுவதைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வாரமும் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது வாச்மேன் கையில் என் பேரிலும் ஒரு ராஜினாமாக் காப்பி இருக்குமோ என்று பார்த்தபடிதான் நுழைந்தேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் வாங்குபவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ராஜினாமா செல்லாது, எல்லம்மாவைப் பழைய சர்வீஸோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது. ஜி.எம். ராஜேஷ் சாரைக் கூப்பிட்டு, நீ ஆரம்பித்ததை நீயே முடி என்றாராம். "அவருக்கு ஒன்லி சாய்ஸ்" என்று நிஷா பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அக்டோபர் 13, திங்கள். அக்கா புதுப் புடவையில் வந்தார். மறுபடி சேரும் கடிதத்தில் ராஜேஷ் சார் கேபினிலேயே கையெழுத்து வாங்கப் பார்த்தார். நான் போய், "ரிஜிஸ்டர் என் மேஜையில இருக்கு சார். சேர்ந்த நேரத்தை அதுல பதியணும்" என்றேன். அது உண்மைதான். என் மேஜை குட்டை என்பதும் அது கட்டிங் பிரிவின் நடுவில் இருக்கிறது என்பதும் உண்மைதான்.

அக்கா என் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையில் பேனாவை எடுத்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மேஜை வழவழப்பானது, தாள் நழுவியது.

என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "பேப்பர் நகருது சார். புடிச்சுக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் தாளைப் பிடித்தார்.

"உனக்கு இங்கிலீஷ் நல்லா வந்துடுச்சு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"உங்க டிக்டேஷன் சார்."

அக்கா 'எ' போட ஆரம்பித்தார். வளைவில் நின்று, பார்த்து, மறுபடி வளைத்தார். 'ல்' முடிந்ததும் பேனாவை எடுத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

"கொஞ்சம் சீக்கிரம்மா" என்றார் ராஜேஷ் சார்.

"மீட்டிங் இருக்குதா சார்?" அக்கா தலையைத் தூக்கவில்லை. "கோடு மாதிரி இழுத்தா இதுல ஆவாதாம். முழுப் பேரும் போடணும்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன்: முதல் தாள், மூன்று நிமிடம் பத்து வினாடி. அவர் முதுகை நிமிர்த்தப் போனார்.

"மொத்தம் மூணு காப்பி சார்" என்று மற்ற இரண்டையும் எடுத்து வைத்தேன். "ஆபீசுக்கு ஒண்ணு, மேடத்துக்கு ஒண்ணு, கேட்டுக்கு ஒண்ணு."

இரண்டாவது தாளுக்கு நான்கு நிமிடம் ஆனது. அவர் கழுத்தில் வியர்வை இறங்கி காலர் நனைந்ததைப் பார்த்தேன். பாவம் என்று தோன்றுகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தோன்றவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டேன். அப்போதும் இல்லை.

மூன்றாவதில் 'எ' போட்டதும் அக்கா நிறுத்தினார். பேனாவைக் காதருகே கொண்டுபோய் உதறினார்.

"மை வரல. உங்க பச்சைப் பேனாவக் குடுங்க சார்."

ஒரு கையால் தாளைப் பிடித்தபடி, இன்னொரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எடுத்து நீட்டினார். அக்கா வாங்கி, இரண்டு விரல் குறைந்த வலது கையால் மூடியை அணைத்துப் பிடித்துத் திறந்தார். அதற்கே ஒரு நிமிடம் போனது. மீதிப் பெயரைப் பச்சையில் எழுதினார், துணை எழுத்து வரை, ஒன்றும் விடாமல்.

ஆறு நிமிடம் இருபது வினாடி. ரிஜிஸ்டரில் சேர்ந்த நேரம் ஒன்பது முப்பத்தெட்டு என்று பதிந்தேன், ரஃப் போடாமல், நேராகவே.

அக்கா பேனாவை மூடித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ராஜேஷ் சார் இன்னும் குனிந்தே இருந்தார். பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை.